மண்ணுக்குள் போன சாவிக்கொத்து

"வீட்டைத் திறங்க. அப்பா வர்ற நேரமாச்சு" என்றாள் மனைவி, கடையிலிருந்து வந்த கையோடு.

நம்மாள் மினி டிராக்டரில் உட்கார்ந்தபடியே இடுப்பைத் தடவினார். வெயில் ஏறியதும் கழற்றி ஸ்டீயரிங் பக்கம் தொங்கவிட்டிருந்த சட்டையை எடுத்துப் பையைத் துழாவினார். காலி. சட்டையை இருந்த இடத்திலேயே மாட்டினார்.

"சாவிக்கொத்து கீழ விழுந்திருக்கும்போல."

"கீழன்னா எங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். மழை பெய்தால் குளமாகிவிடும் பள்ளம் அது. லாரிக்காரர் கொல்லையில் கொட்டிவிட்டுப் போன மண்ணை, டிராக்டரின் முன்தொட்டியில் அள்ளி அள்ளிக் கொண்டுவந்து போட்டு, அப்போதுதான் மட்டமாக்கியிருந்தார்.

"தனித்தனியா இருந்தா தொலைச்சிடுவீங்கன்னுதானே எல்லாத்தையும் ஒரே வளையத்துல கோத்துக் குடுத்தேன்?"

"அதான் எல்லாம் ஒண்ணாப் போயிடுச்சு."

இதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

நகரத்து வேலையை உதறிவிட்டு இந்த நிலத்தை வாங்கியதிலிருந்தே மாமனாருக்குச் சந்தேகம். மாப்பிள்ளையால் இங்கே குப்பை கொட்ட முடியுமா என்று பார்க்கத்தான் இன்று வருகிறார். முடியாதென்று அவருக்குப் பட்டால், நம்மாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவருடைய பாத்திரக் கடைக்கே போய்விடுவதாகப் பேச்சு. கல்லாவில் மாமனார், பக்கத்து ஸ்டூலில் தான் என்று நினைத்ததுமே நம்மாள் டிராக்டரைத் திருப்பினார்.

"கொட்டின மண்ணைத் திரும்ப எடுத்தா கிடைச்சிடும்" என்று தொட்டியை இறக்கினார்.

மனைவி கூடையிலிருந்த வெங்காயத்தைக் கீழே கவிழ்த்துவிட்டு, அவர் அள்ளிப் போட்ட மண்ணை அந்தக் கூடையில் சலித்தாள். கல் வந்தது, வேர் வந்தது, போன மாதம் காணாமல் போன அவருடைய ஒற்றைச் செருப்பும் வந்தது.

"முதல்ல அந்த வண்டியை நிறுத்துங்க. காது அடைக்குது."

"பேட்டரி போன வண்டி. நிறுத்தினா நீதான் தள்ளணும்."

அவள் முந்தானையால் காதை மூடிக் கட்டிக்கொண்டாள்.

சலித்த மண்ணைப் போட வேறு இடமில்லாமல் கேட்டுக்கு முன்னால் குவித்தார். கேட் மண்ணுக்குப் பின்னால் மறைந்தது. இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருக்கலாம் என்று தோன்ற, தொட்டியை அழுத்தினார். ஏதோ மடக்கென்று உடைந்தது. தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது.

"குழாயை உடைச்சிட்டீங்களா? மோட்டாரை நிறுத்துங்க."

"சுவிட்ச் வீட்டுக்குள்ள இருக்கு."

இருவரும் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய பள்ளத்தைவிடப் பெரிய பள்ளம் நிறைந்துகொண்டிருந்தது. வெங்காயம் மிதந்து போனது. நம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையை இன்னொரு முறை துழாவிவிட்டு, சட்டையைப் பழையபடி மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து, கேட்டை மறைத்த மண்மேட்டின் உச்சியில் ஒரு பெட்டி தெரிந்தது. பெட்டிக்குக் கீழே மாமனார் தெரிந்தார். முழங்கால்வரை மண்ணோடு சறுக்கி இறங்கினார்.

நம்மாளுக்கு அழுகை வரும்போலிருந்தது. ஸ்டூல் கண்முன்னால் வந்து நின்றது.

"மாமா, சாவி தொலைஞ்சிடுச்சு. அதான் இப்படி."

"எந்தச் சாவி?"

"எல்லாச் சாவியும்தான்பா" என்றாள் மனைவி. "ஒண்ணு விடாம ஒரே கொத்துல போட்டு வச்சிருந்தேன்."

மாமனார் குளத்தைப் பார்த்தார். மண்மேட்டைப் பார்த்தார். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த டிராக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்த வண்டி எந்தச் சாவியில ஓடிட்டிருக்கு, மாப்பிள்ளை?"