வலிக்கு எந்த ல

அன்பு மச்சானுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அக்கா நலமா இல்லையா என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. அதைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள். நாற்பது வருடம் செங்கல் அடுக்கியவன். கோணல் வரி கண்ணுக்கு ஆகாது. தாளுக்குக் குறுக்கே நூல் பிடித்து, அதன்மேல்தான் ஒவ்வொரு எழுத்தாக உட்கார வைக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு முற்பகல் ஆகிறது. ஆகட்டுமே. போன வருடம்வரை கைநாட்டு வைத்தவன் இன்று மச்சானுக்குக் கடிதம் எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் போனில் நீ சொன்னது மறக்கவில்லை. "மாமா, அந்த நோட்டைத் தூக்கிக் கடாசுங்க. எழுத எழுதத்தான் அக்காவுக்கு வலி வளருது. அது இருக்கிறவரைக்கும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றாய். சொன்னபடி வரவும் இல்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் உன் அக்கா எட்டிப் பார்க்கிறாள். கேட்டால் பால்காரரைப் பார்த்தேன் என்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு என்ன பால்காரர்.

அந்த நோட்டின் கதையைக் கேள். அவள் வலி தோளில் கிளம்பி, முழங்காலில் இறங்கி, மணிக்கட்டில் வந்து உட்காரும். ஒரு டாக்டர் அதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் சொன்னார். அதே மாடியில் எதிர் அறைக்காரர் அப்படி ஒரு நோயே கிடையாது என்றார். ரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சுத்தம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. எதிர்வீட்டு அம்மா அவளைக் கண்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எங்கே என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. தேதி போட்டுக் குறித்துக் காட்டினால் நம்புவார்கள் என்று நோட்டு வாங்கினாள், மணிக்கட்டு எழுத விடவில்லை. "நீங்க எழுதுங்க"ன்னா. எனக்கு எழுதத் தெரியாதேன்னேன். "தெரிஞ்சுக்குங்க"ன்னா. அவ்வளவுதான், நூலகத்து மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். நான் 'இடது தோள்' என்று முடிப்பதற்குள் வலி வலது பக்கம் போய்விடும். "மாத்துங்க" என்பாள். அடித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். போகப்போக, "சரி விடுங்க, இது சின்ன வலி, எழுத வேணாம்" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். நாளுக்கு ஒன்பது வலி இருந்தது நாலு ஆயிற்று. பார்த்தாயா மச்சான், எழுத எழுத வலி வளரவில்லை, குறைந்திருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, "இன்னைக்கு வலியே இல்லைன்னு எழுதுங்க"ன்னா. எனக்கு வந்த சந்தோஷத்தில் அரைப் பக்கத்துக்குப் பெரிதாக எழுதினேன்.

மூன்று மாத நோட்டை, நோயே கிடையாது என்ற அந்த எதிர் அறை டாக்டரிடம் கொண்டுபோனோம். எப்போதும் கம்ப்யூட்டரையே பார்க்கிறவர், இரண்டு வரி படித்ததும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இப்படியெல்லாம் மனசை விட்டுடக் கூடாது" என்றார். என்ன டாக்டர் என்று கேட்டேன். அவர் வாசித்தார்: "செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து வழியே இல்லை."

அந்த நேரத்தில்தான் நான் ழ படித்திருந்தேன். வளைத்துக் கீழே இறக்கிவிடும்போது கைக்கு ஒரு சுகம், அதனால் வலிக்கெல்லாம் அதையே போட்டுவிட்டேன். தோளில் வழி, முழங்காலில் வழி, நோட்டு முழுக்க வழி. உன் அக்கா, "அது நான் நல்லா இருந்த நாள் டாக்டர், இவருக்குத்தான் எழுத்து சரியில்லை" என்றாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் நோட்டைக் கீழே வைக்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்க, கடைசிப் பக்கம்வரை படித்தார். "இதுக்கு என்ன பேருன்னு என்னால சொல்ல முடியலம்மா. ஆனா வலி இருக்கு" என்றார். உன் அக்கா பஸ்ஸில் வரும்போது வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே எந்தக் கடைக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆகவே நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. நோயை நம்பு என்று சொல்லவில்லை. பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிக்கா இருக்கு?"ன்னு கேளு, போதும். நோட்டு உன் கண்ணில் படாமல் எடுத்து வைக்கிறேன். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். என்னைப் போல அறுபத்தெட்டு வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தச் செவ்வாய்க்கிழமையும் வலிச்சுதுங்க" என்றாள். பின்னே ஏன் இல்லைன்னு சொன்னே என்று கேட்டேன். "நூலைப் பிடிச்சுக்கிட்டு நீங்க படற பாட்டைப் பார்க்க முடியல. அந்தச் சின்ன வலியெல்லாமும் அப்படித்தான்" என்றாள். இப்போது அந்த வரியை என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுத்தைத் திருத்தினால் பொய்யாகிவிடும். தப்பாக எழுதியதுதான் சரியாக இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன். நோட்டை எடுத்து வைக்கவும் போவதில்லை. நீ வந்து படித்துப் பார்.