மீசைப் போரில் ஜீரோ விமானம்

வாழி, வெள்ளிக்குறடு ஏந்திய வீரரே! ஆட்டங்கண்ட கடைவாய்ப் பற்கள் உம் காலடியோசை கேட்டதுமே தாமாகக் கழன்றுவிழும் தறுகண் ஆற்றல் படைத்த பல் மருத்துவரே, உம் புகழ் பாடப் புகுந்தோம், நாவே, தடுமாறாதிரு!

சாப்பாட்டு மேஜைமேல் விரித்த அறுகோணக் கட்டப் பலகையே வானமாக, லாரி ஆபீஸ் குமாஸ்தாவாகிய தம் மைத்துனனிடம் பதினொரு ஞாயிறு தொடர்ந்து பகடை உருட்டி ஆடும் விமானப் போரில் தோற்றுத் துவண்ட அப்பெருந்தகை, பன்னிரண்டாம் ஞாயிறன்று, தோற்றவன் மீசையை மழித்துக்கொள்வது என்று சூளுரைத்துக் களம் புகுந்தார். இருபதாண்டு அவர் வளர்த்த மீசை அது. கல்யாண ஆல்பத்தில் மணமகளுக்கு முன்னால் அதுதான் கண்ணில் படும்.

அவர் ஊர்தியோ, இரண்டாம் உலகப்போரில் பசிபிக் வானைக் கலக்கிய ஜப்பானிய ஜீரோ விமானம். இங்கே விரலளவுப் பிளாஸ்டிக் உடல், இறக்கையில் செஞ்ஞாயிற்று வட்டம். கவசமில்லாமையால் பஞ்சினும் இலேசானது. தன் வாலைத் தானே துரத்தும் பூனையினும் குறுகித் திரும்ப வல்லது. ஒரு குண்டு பட்டாலோ தீக்குச்சிதான். எதிரே மைத்துனனின் அமெரிக்க விமானம் கருமுகிலெனத் தடித்து, மதகரியெனப் பிளிறி வந்தது. பிளிறியது மைத்துனனின் வாய்தான்.

இடம் வளைந்தார் மருத்துவர், வலம் வளைந்தார், பகைவன் மேலிருந்து பாய்ந்த வேளையில் ஒரே கட்டத்துக்குள் சுழன்று திரும்பி, களிற்றின் பின்தொடையைக் கவ்விய அரிமாபோல் அவன் வாலைப் பற்றினார். பகடையில் ஒன்று தவிர எது விழுந்தாலும் வெற்றி. மைத்துனனின் கை தானாகவே மீசைக்குப் போயிற்று.

"நல்லா தடவிக்க மச்சான். இனிமே அது உனக்கு இல்ல," என்று முழங்கி மருத்துவர் பகடையை ஓங்கிய அக்கணம், சமையலறையிலிருந்து வியர்வை வழிய வந்த அவர் மனைவி, அவர் அணைத்து வைத்திருந்த மின்விசிறியை ஐந்தாம் எண்ணுக்குத் திருகினாள்.

எழுந்தது ஊழிக்காற்று! தடித்த அமெரிக்கன் இம்மியும் நகரவில்லை. ஜீரோவோ, மெல்லுடலே வினையாக, பிறந்தநாள் தொட்டு முதன்முறையாய் மெய்யாகவே பறந்து, மேஜை கடந்து, நாற்காலி கடந்து, வாசற்செருப்புகளின் நடுவே குப்புற இறங்கியது. பலகையை விட்டு வெளியேறிய விமானம் தோற்றதாகும் என்று விதிநூலின் ஏழாம் பக்கத்தை மைத்துனன் தொண்டை கனைத்து ஓதினான். செந்தழல் விழியராய் மருத்துவர் மனைவியிடமே நீதி கேட்டார்.

"விதின்னா விதிதாங்க," என்றாள் அவள், தம்பிக்கு டீயை நீட்டியபடி.

இடியுண்ட நெடுமரமென நின்றார் வீரர். பின், சொன்ன சொல் பிறழாப் பெருமிதத்தோடு நிமிர்ந்து, கண்ணாடி நோக்கி நடந்தார்.

மறுநாள் கிளினிக்கில் நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னாள்.