தேவாங்கு கை வைத்ததும் ஓடிய மவுஸ்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மருமகள் ஜெனோவா. போன ஆடி மாதம் ஒரு நாள், அவள் வேலை பார்க்கிற இடத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிட்டதென்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னோடு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தபோது சொன்னாள். அவள் சொன்னது நாலே வரி. நான்தான் பருப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி, குழம்பாக்கி வைத்திருக்கிறேன். ருசி குறைந்தால் குற்றம் என்னுடையது, அவளுடையது இல்லை.

ஒரு காட்டில் சிங்கம் இல்லை, புலி இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எல்லா மிருகங்களும் அதற்குத்தான் பயந்தன.

முன்பெல்லாம் அந்தக் காட்டில் பொந்து யாருக்கு, வளை யாருக்கு என்று சண்டை போட்டுத்தான் தீர்த்துக்கொள்வார்கள். இறகு பறக்கும், காது கிழியும், பொழுது சாய்வதற்குள் விஷயம் முடிந்துவிடும். நாகரிகம் வந்த பிறகு, இனிச் சண்டை வேண்டாம், பதிவு செய்துகொள்ளலாம் என்று கூடிப் பேசி, நாவல் மரத்தடியில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். கரடிதான் அதிகாரி. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதிகிற வேலை அணிலுக்கு. சின்னப் பெண்தான், ஆனால் கை சும்மா இருக்காது. கண் இமைப்பதற்குள் பத்துத் தரம் தட்டிவிடுவாள்.

கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே ஒரு தகராறு. யாருக்கு முதல் மாலை? யானை, தான்தான் பெரியவர் என்றார். மயில், தன்னைவிட அழகு யார் என்றது. குயில், தெய்வ காரியம் பாட்டில்தான் தொடங்கவேண்டும் என்றது. குரங்கு, அன்றன்றைக்கு ராசிபலன் பார்க்காமல் எதுவுமே தொடங்கக்கூடாது என்றது. கரடி யோசித்தார். "ஒருத்தருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். பெட்டியை ஆன் பண்ணினதும் எல்லாருடையதும் தானா வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முதலில் யானை தும்பிக்கையைத் தூக்கி வணக்கம் சொல்லுவார். பிறகு மயில் தோகை விரித்து மெதுவாகச் சுற்றும். குயிலின் காலைப் பாட்டு பல்லவியும் சரணமுமாக ஓடும். குரங்கின் ராசிபலன் மேஷத்தில் தொடங்கி மீனம் வரை வரும். தேன் சங்கத்தின் நாள்காட்டி வரும், அது கரடியின் சொந்தச் சங்கம். இத்தனை பேருக்கும் குனிந்து நிமிர்ந்து மரியாதை செய்து முடிப்பதற்குள் பாவம் அந்தப் பெட்டிக்கு மூச்சு முட்டிப் போகும். அதுவரை மவுஸை இழுத்தாலும் தள்ளினாலும் திரையில் அம்புக்குறி அசையாது. நடுவில் குத்தி வைத்த குச்சி மாதிரி நிற்கும்.

இது அந்தக் காட்டில் ஒருவருக்கும் தெரியாது. மவுஸ் கெட்டுப்போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சில நாள் ஓடும், பல நாள் ஓடாது.

அந்த வருஷம் பதிவுக்குக் கடைசி நாள் வந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் பதியாத பொந்தை இருப்பவர் காலி செய்துவிட வேண்டும், பிறகு அதற்குள் யார் முதலில் புகுகிறாரோ அவருக்கே அது சொந்தம். இதுதான் விதி.

வரிசையில் முதல் ஆளாக நின்றது ஓர் இருவாச்சிப் பறவை. ஒரு வாரமாக வந்து வந்து, மவுஸ் ஓடவில்லை என்று திரும்பிப் போனவன். அவன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டுகிற அளவுக்குத்தான் சந்து விடும். குஞ்சு பொரித்து வளரும்வரை கணவன்தான் பழம் கொண்டுவந்து ஊட்டவேண்டும். ஆனால் பதிவுச் சீட்டு இல்லாமல் பூசினால் அதிகாரி ஆள் விட்டு இடித்துவிடுவார். அதனால் அவள் அத்திமரப் பொந்துக்குள் சேற்றைக் குழைத்து வைத்துக்கொண்டு, பூசவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்குப் பின்னால் நின்றது ஒரு மரநாய். அதற்குப் பதிய ஒன்றுமில்லை. சும்மா நின்றது.

"என்ன மாப்பிள்ளை, வீட்டுல சௌக்கியமா?" என்று கேட்டது மரநாய்.

"நான் உமக்கு எப்போ மாப்பிள்ளை ஆனேன்?" என்றான் இருவாச்சி.

"ஒரே பொந்துல ரெண்டு பேருக்கும் ஆசைன்னா சொந்தக்காரங்கதானே!" என்று சொல்லி மரநாய் நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டது. அதற்குப் பொந்தும் பிடிக்கும், முட்டையும் பிடிக்கும்.

அணில் பெட்டியை ஆன் செய்தாள். யானை வணக்கம் சொல்ல வந்தார். அதற்குள் அணில் மவுஸை இழுத்தாள். அம்புக்குறி அசையவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"உசிர் இருக்கு ஐயா, அசைவுதான் இல்லை."

"ஒயரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில சொருகு" என்றார் கரடி.

சொருகினாள். அசையவில்லை. அடியில் வாழையிலை வைத்துப் பார்த்தார்கள். பிறகு தேக்கிலை வைத்தார்கள். வரிசையில் நின்ற முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைக் கொடுத்து அழுக்கு எடுக்கச் சொன்னது. கரடி வாயால் ஊதினார். ஊதியதில் மேசையில் இருந்த கடுதாசி எல்லாம் பறந்ததுதான் மிச்சம். பரணிலிருந்து புது மவுஸ் ஒன்றை எடுத்து மாட்டினார்கள். அதுவும் பழைய மவுஸின் கூடப்பிறந்தது போலவே கிடந்தது.

"இதுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றது மரநாய், ரொம்ப அக்கறையாக.

அணில் ஆஃப் செய்து ஆன் செய்தாள். யானை மறுபடி முதலிலிருந்து வணக்கம் சொல்ல வந்தார். மயில் மறுபடி தோகையை விரித்தது. மவுஸ் ஓடவில்லை.

"இன்னொரு தடவை பண்ணுங்க" என்றது மரநாய். "சில சமயம் அதுக்குப் புரிய நேரமாகும்."

மறுபடி ஆஃப், மறுபடி ஆன். குயிலின் பாட்டு பல்லவியைத் தாண்டியதே இல்லை. இப்படியே வெயில் நாவல் மரத்தின் மேற்குப் பக்கம் போய்விட்டது.

இருவாச்சி கவுண்டர் பலகையில் அலகை வைத்து அழாத குறையாகச் சொன்னான்: "ஐயா, வீட்டுல அவ சேத்தைக் குழைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. சேறு காய்ஞ்சா மறுபடி குழைச்சுக்கலாம். பொழுது சாய்ஞ்சா என்ன பண்றது? கையால எழுதிக் கொடுத்துருங்களேன்."

"கையால எழுதினா சட்டப்படி செல்லாது."

"நகத்தால கீறியாவது கொடுங்க."

"அது பழைய காலம் தம்பி. அதுக்குப் பேரு சண்டை" என்றார் கரடி, வருத்தமாகத்தான்.

அப்போது முள்ளம்பன்றிக்கு ஒரு ஞாபகம் வந்தது. "போன வருஷம் என் வளையைப் பதிய வந்த அன்னைக்கும் இதே கதைதான். எல்லாரும் கத்தினோம். மேல தூங்கிக்கிட்டிருந்த தேவாங்கு ஐயா முழிச்சுக்கிட்டாரு. என்ன சத்தம்னு இறங்கி வந்து, இதும்மேல கை வெச்சாரு. உடனே ஓடிருச்சு!"

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு!" என்றது வரிசைக் கடைசியில் நின்ற உடும்பு. "கைராசிக்காரருங்க அவரு."

கரடி எழுந்து நின்றார். "அதான் விஷயம். கோளாறு மவுஸுல இல்லை, கையில இருக்கு. தேவாங்கு ஐயாவைக் கூப்பிடுங்க! அவர் வந்து கை வைக்கிற வரைக்கும் வேற ஒரு கையும் அதுமேல படக்கூடாது. பட்டா ராசி போயிரும்."

"கடைசியா ஒரே ஒரு தடவை ஆஃப் பண்ணி..." என்று தொடங்கியது மரநாய்.

"உம்ம வாயும் படக்கூடாது" என்றது முள்ளம்பன்றி.

அணிலுக்குக் கை நமநமத்தது. இரண்டு கையையும் வாலுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

தேவாங்கு நாவல் மரத்தின் உச்சிக் கிளையில் உருண்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இருவாச்சி பறந்து போய் எழுப்பினான். தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்தது. அப்புறம் வெகுநேரம் கழித்து மறு கண்ணைத் திறந்தது.

"காலையிலயேவா?"

"சாயங்காலம் ஐயா! சூரியன் இறங்குது! கொஞ்சம் கீழ வாங்க, ஒரு குடும்பத்தைக் காப்பாத்துங்க."

தேவாங்கு ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை எங்கே வைக்கலாம் என்று யோசித்தது. முதலில் இருந்த இடத்திலேயே வைத்தது.

"ஐயா, என் முதுகுல ஏறிக்கோங்க. ஒரு சிறகடிப்புல இறக்கிவிடுறேன்."

"பறந்தா எனக்குத் தலை சுத்தும் தம்பி. நீ முன்னாடி போ. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

கீழே கை படாத கம்ப்யூட்டரில் யானை வணக்கம் சொல்லி முடித்துவிட்டு ஓரமாகப் போனார். தேவாங்கு இரண்டாவது கிளைக்கு வந்தது. மயில் முழுச் சுற்றும் சுற்றித் தோகையை மடக்கியது. தேவாங்கு நடுவில் ஒரு பூச்சியைப் பார்த்தது, பிடிக்கலாமா என்று யோசித்தது, பூச்சி போய்விட்டது. குயிலின் பாட்டு முதல் தடவையாகச் சரணம் வரை வந்தது. இருவாச்சி இங்கும் அங்கும் பறந்து பறந்து சிறகு வலித்துக் கரடியின் தோளிலேயே உட்கார்ந்துவிட்டான். மேஷத்துக்குத் தனலாபம், ரிஷபத்துக்கு அலைச்சல் என்று ராசிபலன் வரிசையாக ஓடி மீனத்துக்கு வந்தபோது, தேவாங்கு அடிமரத்துக்கு வந்திருந்தது. வானம் சிவந்துவிட்டது. மரநாய் அத்திமரம் இருக்கும் திசையைப் பார்த்துக் காலை நீட்டிச் சோம்பல் முறித்தது.

தேவாங்கு மேசைமேல் ஏறியது. எல்லாரையும் பெரிய கண்ணால் ஒரு முறை பார்த்தது. தேன் சங்கத்து நாள்காட்டி மடங்கி மறைந்தது. தேவாங்கு மவுஸின் மேல் கையை வைத்தது.

அம்புக்குறி கோழிக்குஞ்சு மாதிரி ஓடியது.

"ஓடிருச்சு! ஓடிருச்சு!" என்று காடே கூவியது. உடும்பு தேவாங்கின் காலைத் தொட்டுக் கும்பிட்டது. அணில் ஒரே தாவலில் மேசைக்கு வந்து, அத்திமரப் பொந்தைப் பதிந்து, சீட்டை எடுத்து நீட்டினாள். இருவாச்சி அதை அலகில் கவ்விக்கொண்டான். வாய் நிறையச் சீட்டு இருந்ததால் நன்றி சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் பறந்தான்.

"குஞ்சு பொரிச்சதும் சொல்லு மாப்பிள்ளை, பாக்க வரேன்!" என்று கத்தியது மரநாய்.

"போகும்போது என்னையும் கூப்பிடும், சேர்ந்தே போகலாம்" என்று முள்ளம்பன்றி உடம்பைச் சிலிர்த்தது. மரநாய் வேறு வழியாக வீட்டுக்குப் போனது.

சூரியன் மலைக்குப் பின்னால் போகும்போது அத்திமரப் பொந்தின் வாசலில் பாதிக்கு மேல் பூசியாயிற்று. மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்: "ஏங்க, இவ்வளவு நேரம்?"

இருவாச்சி ஒன்று விடாமல் சொன்னான். கைராசியை மூன்று தரம் சொன்னான்.

"அவர் இறங்கி வர்ற வரைக்கும் அந்தப் பெட்டியை யாருமே தொடலையா?"

"யாருமே தொடலை."

அவள் இன்னும் இரண்டு அலகுச் சேறு எடுத்துப் பூசினாள். பிறகு சந்து வழியாக அலகை நீட்டிச் சொன்னாள்: "நான் இங்கே மாசக்கணக்குல இருட்டுல அடைகாக்கப் போறேன். நீங்க ஒரு நாள் அத்திப்பழம் கொண்டுவந்து நீட்டுற நேரத்துல குஞ்சு பொரியும். அப்போ அப்பன் கைராசின்னு ஊர் பேசும். நீங்களும் நம்பிராதீங்க."

அலுவலகத்திலும் ஒரு ஆளுக்கு விஷயம் விளங்கியிருந்தது. கையை வாலுக்கடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்த அணில், அன்றைக்குத்தான் திரையில் வந்ததை எல்லாம் கடைசி வரை பார்த்திருந்தாள்.

"ஐயா, கைராசி இல்லை. ஆன் பண்ணினதும் இத்தனை பேருக்கு மரியாதை பண்றதுலயே பெட்டி களைச்சுப் போகுது. அது முடிஞ்சா மவுஸ் தானா ஓடுது. அதையெல்லாம் எடுத்துட்டா உடனே ஓடும்."

"எடுத்துரலாமே" என்றார் கரடி. "யாரோடதை முதல்ல எடுக்க?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த யானை வானத்தைப் பார்த்தார். மயில் இறகைக் கோதியது. குயில் தொண்டையைச் செருமியது. கரடிக்கே தன் நாள்காட்டி ஞாபகம் வந்தது.

"ஏன் அணிலு," என்றார் மெல்ல, "சும்மா இருந்தாலே ஓடும்னா, இத்தனை நாளா ஆஃப் பண்ணி ஆன் பண்ணி இத்தனை குடும்பத்தைத் திருப்பி அனுப்பினது யாரு?"

அணில் வாலைத் தடவினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"தேவாங்கு ஐயா கைராசிதான் ஐயா" என்றாள்.

மறுநாளே தேவாங்கு மவுஸ் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டது. பதவிக்குத் தகுந்த மரியாதை வேண்டுமே. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தேவாங்கு இரண்டு கண்ணையும் திறக்கிற படம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அதனால் மவுஸ் ஓட முன்னைவிட நேரம் பிடித்தது. ஆனால் பதவி வந்ததும் தேவாங்கு பக்கத்திலிருந்த இன்னும் உயரமான மரத்துக்குக் குடிபோயிருந்தது. அங்கிருந்து இறங்கி வருவதற்கும் கணக்காக அதே நேரம் பிடித்தது. கைராசி ஒரு நாளும் தவறவில்லை.

நீதி: எந்தக் கோளாறும் தானாகச் சரியாகிற வரை மெதுவாக நடந்து வாருங்கள், பிறகு நீங்கள் வைக்கிற கைதான் ராசியான கை.

கதை கேட்டவர்கள் எனக்காக ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். இன்றைக்கு ஜெபத்துக்கு உட்காரும்போது, எங்கேயோ ஒரு கவுண்டர் முன்னால் காத்து நிற்கிற யாரோ ஒருவரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.