கட்டுப் போடும் அறையின் எண்

கத்திக்குக் காலைக் கொடுப்பதில்லை என்று அமிர்தலிங்கம் முடிவெடுத்தது, நல்லசாமியின் கருமாதி முடிந்த மத்தியானத்தில்.

நல்லசாமி பக்கத்து வீட்டுக்காரர். லாபு செம்பனைத் தோட்டத்தில் இரண்டு பேரும் பல வருசம் ஒரே லோரியில் குலை ஏற்றியவர்கள். காலில் சின்னப் புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார் நல்லசாமி. முதலில் விரல் போனது. பிறகு பாதம். பிறகு முழங்கால் வரைக்கும். தவணை முறையில் போய்க்கொண்டிருந்த மனிதர் கடைசியில் மொத்தமாகவே போய்விட்டார். ரொம்பத் தாமதமாக வந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னது அமிர்தலிங்கத்தின் காதில் விழவே இல்லை. போனார், போய்விட்டார். அவ்வளவுதான் விழுந்தது.

நல்லசாமியைப் போலவே அமிர்தலிங்கத்துக்கும் இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி. அவருக்கும் இடது காலில், செம்பனை முள் குத்தி ஆறாத புண் ஒன்று இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே மனைவி குமுதவல்லி பேச்சை எடுத்தாள். அவளுக்கு நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன். கிளினிக் போலாம்."

"நீ எதுக்கு லீவு போடுற? நானே மோட்டார்ல போய் கட்டுப் போட்டுட்டு வந்துடுவேன்லா."

"நெசமா போவீங்களா?"

"சின்னப் புள்ளையா நானு? வாராவாரம் புதன்கிழமை போறேன். போதுமா?"

போதும் என்றாள். திட்டம் தயாரானது.

புதன்கிழமை தோறும் குளித்து, சட்டை மாற்றி, முடி சீவி மோட்டார் சைக்கிளை எடுப்பார். தோட்டத்து எல்லையில் மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதன் படியில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பழைய துணியைப் பிரித்து, மருந்துக்கடையில் வாங்கிய புதுத் துணியைச் சுற்றுவார். சுருட்டு ஒன்று பிடிப்பார். கிளினிக்கில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நேர்மையாகக் காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

"கட்டுப் போடுற மிஸி என்ன சொன்னாங்க?"

"நல்லா ஆறுதாம்."

"டாக்டர் பாத்தாரா?"

"டாக்டர் பாக்குற அளவுக்கு ஒண்ணுமில்லையாம்."

"வலிக்குதா?"

"வலியே இல்ல குமுதா."

அது மட்டும் உண்மை. அந்த விரல்களில் வலி நின்று ரொம்ப நாளாகியிருந்தது. நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டார்.

மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மகள் விட்டுச் சென்றது. அதில் ஒரு பழைய துப்பாக்கி விளையாட்டு. தண்ணீர் புகுந்த சுரங்கத்தில் ஒருவன் டார்ச் லைட்டோடு மாட்டிக்கொள்கிறான். கையில் தோட்டா குறைவு, எதிரே பிணங்கள் அதிகம். செய்த கம்பெனி அதை எப்போதோ மறந்துவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. அவர்களே அதைப் பிரித்து, புது இடம், புதுப் பேய், புதுக் கதை வைத்துத் தைத்து ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தார்கள். அதற்கு மோட் என்று பெயர்.

"மோட் மோட்னு இப்படியே உக்காந்திருந்தா மோட்சத்துக்குத்தான் போவீங்க," என்பாள் குமுதவல்லி.

அமிர்தலிங்கம் திரும்பமாட்டார். திரையில் அந்தப் பொம்மை மனிதனுக்கு லேசாகக் கீறல் பட்டால் போதும், பதறிப்போவார். பிணங்களுக்கு நடுவே விழுந்து புரண்டு மருந்துப் பெட்டி தேடுவார். கட்டுப் போடுவார். திரையில் அவன் உயிரைக் காட்டும் கோடு நிறைந்த பிறகுதான் மூச்சு விடுவார். குமுதவல்லி கையில் தேத்தண்ணியோடு பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

அவர் தெய்வமாக நினைத்தது பகாவ் ஊரில் இருந்த அஃபீஃப் என்ற பையனை. பகல் முழுக்க அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசுவான். ஓய்ந்த நேரத்தில் மோட் செய்வான். அவன் செய்யும் பேய்கள் செம்பனை நிரைகளுக்கு நடுவிலிருந்து வரும். அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டுக்குள் ஒரு பூட்டு இருக்கும், அதன் எண் வெளியே நிஜமான ஊரில் எங்காவது இருக்கும். போன தடவை ரெம்பாவ் ஊரில் ஒரு கடைப் பலகையில் எழுதியிருந்த வருசம்தான் எண். வீங்கிய காலோடு அங்கே மோட்டாரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் அமிர்தலிங்கம். கிளினிக் அதில் கால்வாசி தூரம்கூட இல்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒரு நாற்றம் கிளம்பியது.

"எலி எங்கயோ செத்துக் கிடக்கு போல," என்றார் அமிர்தலிங்கம்.

"அப்படியா? வாங்க தேடுவோம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினார்கள். அலமாரியை நகர்த்தினார்கள். அரிசிப் பீப்பாயைக் கவிழ்த்தார்கள். அவர் கட்டிலுக்கடியில் நொண்டி நொண்டித் தேடினார். அவர் எந்த அறைக்குப் போனாரோ அந்த அறையில் எலி செத்திருந்தது. குமுதவல்லி தேடுவதை நிறுத்தி, சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாம்பிராணி போட்டாள்.

அடுத்த சில நாளில் அஃபீஃபிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணே, புது மோட். பேரு லயம். யாருக்கும் இன்னும் கொடுக்கல. பழைய ரசிகர் நீங்க, முதல்ல ஆடிப் பாத்துச் சொல்லுங்க."

அமிர்தலிங்கத்துக்குத் தலை கூரையில் முட்டியது.

திறந்தார். மழை. லயத்தில் வரிசையாகத் தோட்டத்து வீடுகள், ஒன்றிலும் வெளிச்சமில்லை. இந்தத் தடவை கதாநாயகன் நொண்டினான். வைத்த அடியெல்லாம் ரத்தம். நடக்க நடக்க உயிர்க் கோடு குறைந்துகொண்டே வந்தது. சுடுவதற்குப் பிணங்களே இல்லை. வீட்டுக்கு வீடு கதவைத் திறந்தார். காலி கட்டில், காலி அடுப்பு. கடைசி வீட்டில் இரும்புக் கதவு. கம்பி வழியே உள்ளே மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருப்பது தெரிந்தது. சுவரில் எழுதியிருந்தது: 'எண், லாபு கிளினிக்கில், கட்டுப் போடும் அறைக் கதவில். தப்பான எண்ணை அடித்தால் சேமித்த ஆட்டமெல்லாம் அழியும்.'

சேமித்த ஆட்டம் என்றால் பல வருசத்துச் சம்பாத்தியம். விரல் விசைப்பலகைக்குப் போய்த் திரும்பிவிட்டது. அதற்குள் கதாநாயகன் ரத்தம் கொட்டிச் செத்தான். மறுபடியும் ஆடினார். மறுபடியும் செத்தான். இரண்டு நாள் அவனைச் சாகவிட்ட பிறகு அமிர்தலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"குமுதா, கிளினிக் பக்கம் போனா அந்தக் கட்டுப் போடுற ரூம் கதவுல என்ன நம்பர்னு பாத்துட்டு வாயேன்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான் எதுக்குப் பாக்கணும்? வாராவாரம் அந்தக் கதவுல நுழையிறது நீங்கதானே?"

"அது... நான் கவனிக்கல."

"இத்தன மாசமா?"

"நொண்டிக்கிட்டுப் போறவன் கதவையா பாப்பான்?"

"சரி. நாளைக்குப் புதன்கிழமைதானே. கவனிச்சிட்டு வாங்க."

அமிர்தலிங்கம் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆயத் தொடங்கினார்.

மறுநாள் அமிர்தலிங்கம் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனார். அந்த எண்ணை மனசில் எழுதிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. பாம்பு இருக்கும் புற்றுக்குள் கை விடுகிறவர் மாதிரி கிளினிக்குக்குள் நுழைந்தார். கதவைக் கண்டுபிடித்தார். மலாய் மொழியில் அறையின் பெயர் எழுதியிருந்தது. எண் இல்லை. நிலையில் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். ஒருவேளை பின்பக்கம் இருக்குமோ என்று மெல்லத் தள்ளினார்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. வெள்ளை உடுப்பில் ஒரு மிஸி நின்றார். மாதவி என்று சட்டையில் பெயர்.

"அமிர்தலிங்கம்தானே? வாங்க. ரொம்ப நேரமா காத்திருக்கோம்."

மிஸிக்குப் பின்னால் நாற்காலியில் குமுதவல்லி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதில் கைலி, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் எட்டிப் பார்த்தன.

"நான் வெளிய மோட்டார பூட்டல," என்றார் அமிர்தலிங்கம்.

"நான் போய் பூட்டுறேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். மிஸி துணியைப் பிரித்தார். கடைசிச் சுற்று தோலோடு வந்தது. வேறு பக்கம் பார்க்கப் பழகிய அமிர்தலிங்கம் அன்றைக்கு, நல்ல வெளிச்சத்தில், தன் காலை நேராகப் பார்த்தார். இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

குமுதவல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எப்பருந்து தெரியும்?" என்று மெல்லக் கேட்டார்.

"எலி தேடினோமே, அன்னைக்கு. மறுநாள் இங்க போன் பண்ணுனேன். அப்படி ஒரு ஆளு வந்ததே இல்லன்னாங்க."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். நல்லா ஆறுதுன்னீங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"நல்லசாமி அண்ணன் பொண்டாட்டி பஞ்சாலை அக்கா வீட்டக் காலி பண்ணி சாமான லோரில ஏத்துனப்ப நான்தான் கூட நின்னேன்," என்றாள். "அண்ணன் செருப்ப எங்க வைக்கிறதுன்னு தெரியாம கையிலயே வச்சிருந்தாங்க. என்னால அப்படி நிக்க முடியாதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்க. அந்த விளையாட்டு சொன்னா ரெம்பாவ் வரைக்கும் போறீங்க. அதான் அஃபீஃப் தம்பிய பாக்க பஸ் ஏறி பகாவுக்குப் போனேன்."

அமிர்தலிங்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரும் வரை விடவில்லை.

இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பித்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்காலைப் பற்றிப் பேசியிருப்போம் என்றார் டாக்டர். இந்தத் தடவை அது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கால் நீட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மழை, காலி வீடுகள், இரும்புக் கதவு. கதாநாயகன் ரத்தம் சொட்ட நின்றான்.

"சரி, தோத்துட்டேன்," என்றார். "இப்பவாவது நம்பரச் சொல்லு."

"என்ன நம்பர்?"

"இந்தக் கதவு நம்பர்லா. கிளினிக்ல ஒண்ணும் இல்லியே. நீயும் அவனும் சேந்து வச்சது என்ன?"

குமுதவல்லி மாத்திரையையும் தண்ணீரையும் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பிக்குக் கடையில ஆள் பத்தல, பூட்டு செய்ய நேரமில்லன்னுட்டாரு. எந்த நம்பர அடிச்சாலும் தொறக்குங்க."