நேராக ஏறிய வண்டி

மலைப்பாதை ஏற்றத்தின் மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் மறுபடி ஆடியது. அஸ்ஸூஸ் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தான். நுவாரா பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஒரு நாள் பாருங்க, அம்மா வீட்டுல இறங்கினவ திரும்ப இந்த வண்டில ஏறமாட்டேன்."

வேறு எவனாக இருந்தாலும் "ஏன் அப்படிச் சொல்ற?" என்று கேட்டிருப்பான். அஸ்ஸூஸ் மறுநாளே மெக்கானிக்கிடம் போனான். தன் கல்யாணமே ஒரு ஷாக் அப்சார்பரில் தொங்குகிறது என்று மனசார நம்பினான், பாவி.

மெக்கானிக் தையிப் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு, கிழட்டு வண்டி, ஷாக் அப்சார்பர் செத்து வருஷமாச்சு என்றார். மாற்றினார்கள். அடுத்த வியாழக்கிழமை, வாராவாரம்போல அவள் அம்மா வீட்டுக்குப் போகும் கான்ஸ்டன்டீன் நகர ஏற்றத்தில் வண்டி முன்னைவிட மோசமாகப் பின்னால் குந்தியது.

டிக்கியில் என்ன பாரம் என்று தையிப் கேட்டார்.

"பாரமா? பொண்டாட்டி ஒருத்திதான். அவளும் முன்னாடிதான் உக்கார்றா."

டிக்கியில் நுவாரா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த செம்புப் பாத்திரங்களும், கூஸ்கூஸ் ரவை வேகவைக்கும் அடுக்குப் பாத்திரமும், பித்தளை உரலும் இருந்தன. ரமலானுக்கு முன்னால் கான்ஸ்டன்டீன் பெண்கள் எல்லோரும் செம்பைத் துலக்கி ஈயம் பூசக் கொடுப்பதுதானே. அதைப் போய் எவன் பாரம் என்பான்? அம்மா வீட்டுக்குப் போன பாத்திரம் எதுவும் திரும்பி வரவில்லை. பூசுகிறவரிடம் கூட்டம் என்றாள் நுவாரா. அவன் தலையாட்டிவிட்டு ஸ்பிரிங் வாங்கப் போனான்.

கெட்டி ஸ்பிரிங் போட்டார்கள். அந்த வாரம் கம்பளி மெத்தைகள் வெயிலில் காயப்போட அம்மா வீட்டுக்குப் போயின. ஏறும்போது வண்டி குந்தவில்லை. இறங்கும்போதுதான் வினை. காலி டிக்கியோடு பின்பக்கம் துள்ளி, வளைவில் வெளியே வழுக்கிக்கொண்டு போனது. நுவாராவின் நெற்றி கண்ணாடியில் மோதியது.

"ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி. மாத்திடறேன்," என்றான்.

"வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"அதான் மாத்தறேங்கறேனே."

பிறகு அவள் பேசவில்லை. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

தையிப் வண்டிக்கு ஏற்ற ஸ்பிரிங்கைப் போட்டு, தேய்ந்த ரப்பர் புஷ்களையெல்லாம் மாற்றினார். அடுத்தடுத்த வாரங்களில் ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை வண்டி வெண்ணெயாக ஏறியது. எந்த வளைவிலும் பின்பக்கம் அசையவில்லை. அஸ்ஸூஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? இப்ப சொல்லு, திரும்பி ஏறுவியா மாட்டியா?"

நுவாரா மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மாமியார் வீட்டு வாசலில் மச்சினன் ஹிஷாம் நின்றிருந்தான். இந்த வண்டியைக் கண்டாலே நக்கலடிப்பவன். அக்கா இறங்கி நேரே உள்ளே போய்விட்டாள். அஸ்ஸூஸ் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினான்.

"நல்லா பாரு மாப்ள. ஏத்தம் பூரா ஒரு இடத்துல குந்தல."

ஹிஷாம் வழக்கம்போல டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினான். முதல்முறையாக அவன் நக்கலடிக்கவில்லை.

"எப்படி அத்தான் குந்தும்? சாமானெல்லாம் போன வாரத்தோட வந்து சேந்தாச்சு. இன்னிக்கு அக்கா மட்டும்தான் பாக்கி."