கண்ணீர் அஞ்சலிக்கு ஆகாத போட்டோக்கள்

அரியலூர்,
செவ்வாய்க்கிழமை.

என் உடன்பிறந்தாள் ரெங்கம்மாள் பெற்ற பிள்ளையும், பெரம்பலூரில் பிளெக்ஸ் கடை வைத்து ஊரார் நல்லது கெட்டதுக்கெல்லாம் பேனர் அடித்துக் கொடுப்பவனுமாகிய மருமகன் ரஞ்சித்குமாருக்கு, மாமன் கண்ணையன் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உன் அத்தை கலியம்மாள் நலம். மகன் அறிவரசன், மருமகள் சிந்து, பேத்தி கவியா மூவரும் நலம். நான் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாமா? மாடிப்படி ஏற விடாதே. இந்தக் காலத்தில் எவன் லெட்டர் எழுதுவான் என்று நீ சிரிப்பாய். போனை ஸ்பீக்கரில் போடாவிட்டால் எனக்குக் கேட்காது, போட்டால் தெருவுக்கே கேட்கும். விஷயமோ உன் அத்தை காதில் விழக் கூடாதது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சின்னதுரை போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். அவன் கண்டக்டர், நான் டிரைவர். அரியலூர் - பெரம்பலூர் ரூட்டில் ஒரே பஸ்ஸில் தலை நரைத்தவர்கள். அந்த ரூட்டில் அவன் முகம் தெரியாத ஆள் கிடையாது. சில்லறை இல்லை என்று சொல்லி அவனிடம் முறைப்பு வாங்காதவன் எவன் இருக்கிறான்? அப்பேர்ப்பட்டவனுக்குப் பஸ் ஸ்டாண்டு முக்கில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில், வேறு போட்டோ கிடைக்கவில்லை என்று ஆதார் அட்டைப் படத்தை இழுத்துப் பெரிசாக்கிப் போட்டுவிட்டார்கள். உன் கடை வேலை இல்லை அது. உன் கடை வேலையாக இருந்தால் லெட்டர் எழுதியிருக்க மாட்டேன், செருப்போடு நேரிலேயே வந்திருப்பேன். மூக்கு எது, மீசை எது என்று தெரியாமல் கட்டம் கட்டமாக ஒரு முகம். கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு, பேரன்மார்கள் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு வரிசையாகச் சிரிக்கிறார்கள். அவர்கள் படம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நான் பேனருக்குக் கீழே துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போய்வந்த ஓர் ஆள், அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடமே கேட்கிறான், "யாருங்க இது, வடநாட்டு ஆளுங்களா?" என்று.

எனக்கு வயிறு எரிந்துபோய்விட்டது மாப்ள. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யோசித்துப் பார். அவன் கண்டக்டர், ஊரைப் பார்த்து நின்றவன். நான் டிரைவர், ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவன். இந்தச் சீமையே என் பிடரியைத்தான் பார்த்திருக்கிறது. அவனுக்கே இந்தக் கதி என்றால், நாளைக்கு என் பேனரைப் பார்த்து எவன் ‘அடடா’ என்று சொல்வான்? யாரோ போய்ட்டான் போலிருக்கு என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடிப்பான். சாவுக்கு நான் பயப்படவில்லை. செத்தது யாரென்று தெரியாமல் போவதுதான் பயம்.

அதனால்தான் உன் கடைக்கு வந்து, என் பேனருக்கு எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டேன். நீயும் நல்லபடியாகத்தான் சொன்னாய். "ஸ்டுடியோ படம் வேணாம் மாமா, அதுல உசுரோட இருக்கறவங்களே செத்த மாதிரி தெரிவாங்க. வெளியில எங்கயாச்சும் போயி, நல்ல வெளிச்சத்துல, லேசா சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்புங்க, ஜம்முனு பண்ணிடலாம்" என்றாய். யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். எங்கம்மா மேல சத்தியம் மாமா என்றாய். குறிப்பாக உன் அத்தையிடம் சொல்லாதே என்றேன். ஏனென்றால் அவளுக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. வயசானவர்களை அழகாகப் படம் பிடித்துவிட்டால் அந்தப் படமே ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுமாம். அவள் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனதாம். அந்தம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, காலில் புண் இருந்தது, அதெல்லாம் கணக்கில் கிடையாது, போட்டோதான் காரணம். மலையடிவாரத்து வேப்பந்தட்டைக்காரியிடம் போய் யார் வாதாடுவது? நான் அவளைப் படிக்காத பேச்சு பேசாதே என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன்.

ஆக, குடும்பத்தோடு சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைப் பார்த்துவிட்டு, அப்படியே ரஞ்சன்குடி கோட்டையையும் சுற்றிப் பார்த்து வருவோம் என்று அறிவித்தேன். சிந்து வாயைப் பிளந்துவிட்டாள். "மாமாவா கூப்புடுறாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள். அந்தக் கோயில்தான் திங்களும் வெள்ளியும் மட்டும் திறப்பார்களே, அதற்காக அறிவரசன் திங்கட்கிழமை லீவு போட்டான். நான் அவன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். மீசைக்கு மை அடித்தேன். தலைக்கும் அடிக்கலாம் என்று பார்த்தேன், மை மீசையோடு தீர்ந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று லேசாகச் சிரித்துப் பழகினேன். வாழ்நாளெல்லாம் ரோட்டைப் பார்த்து முறைத்த மூஞ்சிக்கு அது லேசில் வரவில்லை. சிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, பல்லு வலிக்குதா?" என்றாள்.

கோயிலில் நல்ல கூட்டம். சாமி கும்பிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில், நல்ல வெளிச்சத்தில் நின்றேன். அறிவரசன் கவியாவின் போனைத் தூக்கினான். நான் லேசாகச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்தா உன் அத்தைக்குக் குங்குமம் ஞாபகம் வரவேண்டும்? "ஏங்க, நெத்தி வெறுமையா இருக்கு" என்று பாய்ந்து வந்து பூசினாள். படத்தில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் உள்ளங்கை இருக்கிறது. ரேகை பார்க்கலாம், அவ்வளவு தெளிவு. இன்னொண்ணு எடுடா என்றேன். அதற்குள் வெயிலில் மீசை மை ஒழுகிவிட்டது. அதையும் முந்தானையால் துடைக்கிறேன் என்று கன்னம் முழுக்க இழுத்துவிட்டாள். அந்தப் படத்தில் நான் நிலக்கரி லாரியிலிருந்து இறங்கியவன் மாதிரி இருக்கிறேன். முகம் கழுவிக்கொண்டு வந்தால் மீசை வெள்ளை. சரி போ, வெள்ளை மீசையும் ஒரு மரியாதைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு காரில் ஏறினேன்.

ரஞ்சன்குடியில் நல்ல காற்று, நல்ல வெளிச்சம், பின்னால் கருங்கல் மதில். பேனருக்கென்றே கட்டி வைத்த மாதிரி இடம். இந்தத் தடவை கவியாவிடம் போனைக் கொடுத்தேன், காலேஜ் போகிற பிள்ளை, விவரம் தெரிந்தவள். "தாத்தா, அசையாம நில்லுங்க" என்றாள். கல் மாதிரி நின்றேன். "ஏங்க, காலுகிட்ட பாம்பு!" என்று உன் அத்தை ஒரு சத்தம் போட்டாள் பார், கோட்டையே அதிர்ந்துவிட்டது. நான் துள்ளிய துள்ளலில் வேட்டி தனியாகவும் நான் தனியாகவும் படத்தில் விழுந்திருக்கிறோம். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை, ஒரு காய்ந்த கொடி கிடந்தது. "வயசாச்சில்ல, கண்ணு சரியா தெரியல" என்றாள். ரெண்டு தெரு தள்ளி எவன் வீட்டில் மீன் வாங்கியிருக்கிறான் என்று பார்த்துச் சொல்கிறவள்! அடுத்த படத்துக்கு, வெயில் படுதே என்று என் தலைக்கு மேல் குடையை விரித்தாள். படத்தில் குடைக்குக் கீழே ரெண்டு கால் நிற்கிறது. அதற்கடுத்ததில் கண்ணில் தூசி என்று ஊதினாள். அதற்கடுத்ததில் சட்டையில் எறும்பு என்று தட்டினாள். நான் பொறுமையிழந்து திட்டிய திட்டும் ஒரு படமாக விழுந்திருக்கிறது. அதில் என் தொண்டை வரைக்கும் தெரிகிறது. "தாத்தா, இதான் செம இயல்பா இருக்கு" என்கிறாள் கவியா.

கடைசியில் உன் அத்தையே, "அந்தக் கருமத்த எங்கிட்ட குடுங்க, நான் எடுக்கறேன்" என்று போனைப் பிடுங்கி எடுத்தாள். எல்லாம் கட்டைவிரல். கோபத்தில் போனை வாங்கி, "போட்டோன்னா எப்படி எடுக்கணும்னு பாரு, அங்கே போய் நில்லு" என்று நானே அவளை ஒன்று எடுத்தேன். மாப்ள, என் வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வேன், அது மட்டும் அமைந்துவிட்டது. மதில் ஓரத்தில் நிற்கிறாள், காற்றில் முந்தானை பறக்கிறது, அதைப் பிடிக்கப் போய்ச் சிரிக்கிறாள். கல்யாணமான புதுசில் ஒரு தடவை பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் வந்தபோது மேல்கண்ணாடியில் அவளை அப்படிப் பார்த்தேன், அதற்கப்புறம் இந்தப் போட்டோவில்தான் பார்க்கிறேன். யாருக்கு வேண்டுமோ அவனுக்கு விழவில்லை, வேண்டாம் என்று ஓடுகிறவளுக்கு அள்ளிக் கொடுக்கிறது. என் ராசி அது.

என் படங்களில் துல்லியமாக விழுந்தது ஒன்றே ஒன்றுதான். கோட்டைப் படியில் நான் ஏறும்போது பின்னாலிருந்து கவியா எடுத்தது. பிடரி. சவரம் பண்ணின கோடு வரைக்கும் தெரிகிறது. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். என் தலையெழுத்து தலைக்குப் பின்னாலேயே எழுதியிருக்கிறது போல. என்னமோ தலைவலி என்று சொல்லிவைத்தேன். அறிவரசன் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தான். பெற்ற பிள்ளையிடம் போய், என் சாவுக்குப் படம் இல்லைடா என்று எப்படி அழுவது?

கவியா எல்லாப் படங்களையும் உனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். உன்னிடம் ஏதோ மெஷின் இருக்கிறதாமே, குடையை எடுத்துவிட்டு அங்கே முகம் வைக்க முடியுமா, கை இருக்கும் இடத்தில் கண் திறக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் பேனரே வேண்டாம். சின்னதுரை மாதிரி நடுரோட்டில் அநாதையாகத் தொங்க எனக்கு இஷ்டமில்லை. உன் அத்தை படத்தை மட்டும் தனியாக எடுத்துப் பத்திரமாக வை. நாளைக்கு அவளுக்காவது உதவும். அவளையாவது ஊர் அடையாளம் கண்டு அழட்டும்.

குலதெய்வம் உன்னையும் உன் கடையையும் காக்கட்டும். அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல். கடையில் கரண்டு வயரை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
முகமில்லாத உன் மாமன்,
கண்ணையன்.

பின்குறிப்பு: கவரை ஒட்ட ரெண்டு சோற்றுப் பருக்கை கேட்டு அடுப்படிக்குப் போனேன். உன் அத்தை பருக்கையைக் கையில் வைத்துக்கொண்டே, "ரஞ்சித்துக்கா? போட்டோ நல்லா விழலன்னு எழுதியிருப்பீங்களே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உன் கடையிலிருந்து அரியலூர் வந்து சேர்வதற்குள்ளேயே நீ அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாயாமே! உன் அம்மா முழங்கால் ஏன் தேவலையாகவில்லை என்று இப்போது தெரிகிறது. "குங்குமம், பாம்பு, கொடை, எறும்பு எல்லாம் நீயாடி?" என்று கேட்டேன். "பின்ன? நல்ல படம் ஒண்ணு கையில கெடச்சிட்டா, எல்லாம் தயாரா இருக்குன்னு நீங்க பாட்டுக்குக் கெளம்பிருவீங்க. நான் என்ன பண்றது? ஊருக்கு உங்க மூஞ்சி தெரியலன்னா தெரியாமலே இருக்கட்டும். எமன் வந்தாலும் ஆளு யாருன்னு தெரியாம திரும்பிப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு குழம்பைக் கிளறினாள். குழம்பு ஏற்கெனவே இறக்கி வைத்த குழம்பு.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அது உனக்கே தெரியும். இருந்தாலும் மேலே அத்தை படத்தைப் பத்திரமாக வை என்று எழுதியிருக்கிறேன் பார், அந்த வரியை அடித்துவிட்டுப் படி. அந்தப் படத்தை இந்த நிமிஷமே அழி. அழித்ததெல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்று போனுக்குள்ளேயே இருக்கிறதாம், அங்கேயும் போய் அழி. இங்கே கவியா போனிலும் அழிக்கச் சொல்லிவிட்டேன். "ஏன் தாத்தா, அதுதானே நல்லா இருக்கு?" என்றாள். நல்லா இருக்கிறதால்தான் என்றேன். அதற்கு முன்னால் ஒரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் பேனருக்கு அந்தப் பிடரிப் படமே போதும், இந்த ரூட்டில் போய்வந்தவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். அதையும் இப்போதே எடுத்து வைக்க வேண்டாம். அவசரமில்லை.