செத்த பிறகு நடித்தவர்

தமிழ்நாட்டு டி.வி. நடிகர்களிலேயே செத்த பிறகு அதிகம் நடித்தவர், தருமபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எங்களோடு உட்கார்ந்திருக்கும் 'போட்டோ அப்பா'தான். சந்தேகம் உள்ளவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். வேறு வேலை இல்லாத நாளாகப் பார்த்து வரவும்.

ஒரு மெகா சீரியலில் கதாநாயகிக்கு அப்பாவாக இரண்டு நாள் நடித்தார். மூன்றாம் நாள் கதைப்படி மாரடைப்பு. தினச் சம்பளத்தைக் கையில் கொடுத்து ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மாலை போட்ட அவர் படம் மட்டும் அந்த வீட்டுச் சுவரிலேயே தங்கிவிட்டது. மகள் அழுதால் படம். மருமகள் பாலில் விஷம் கலந்தால் படம். இடி இடித்தால் படம், படம், மறுபடியும் படம்.

அந்த சீரியல் இப்போது செல்போன் ஆப்பில் ஏறியதும்தான் வினை. வெளிநாடுகளில் ஒரு சீரியலை மறுபடி மறுபடி காட்டும்போதெல்லாம் வரும் பணத்தில் நடிகர்களுக்குப் பங்கு போகுமென்று, படித்தவன் என்ற திமிரில் நான்தான் உளறிவைத்தேன்.

"அப்ப எனக்கு?"

"நீங்க போட்டோவாத்தானங்கண்ணா இருந்தீங்க?"

"ஏந்தம்பி, கண்ணச் சிமிட்டாம அத்தன வருசம் எவன் நடிப்பான்? கன்னடத்துலயும் ஓடுதாம். என் ஒருத்தனுக்குத்தான் டப்பிங் செலவே இல்ல!"

அன்று முதல் டீ குடிக்க வருபவர்கள் பாடு திண்டாட்டம். பங்கு ஏறட்டுமென்று எல்லோர் போனிலும் சீரியலை ஓடவிட்டார். கடத்தூரிலிருந்து வந்த தக்காளி வியாபாரி, "வூட்டுக்குப் போயிப் பாக்கறனுங்க" என்று நழுவப் பார்த்தார்.

"வூட்டுல கரண்டு போயிருங்க. இங்கியே பாருங்க."

கடைசியில் சீரியல் எடுத்த கம்பெனிக்கே போன் போட்டோம். ஸ்பீக்கரில் ஒரு பெண் பணிவாகச் சொன்னார்: "சார், அன்னிக்கே எல்லா உரிமைக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியாச்சு. யார் பார்த்தாலும் நடிகர்களுக்குப் பங்கு கிடையாது."

"சரிம்மா, எத்தன பேரு பாத்தாங்க? அதையாச்சும் சொல்லு."

"அதை வெளிய சொல்றதில்ல சார்."

மனிதர் கையிலிருந்த டீயைக் குடிக்கவே இல்லை. அந்த வாரமே நெஞ்சு வலியென்று மெடிக்கல் காலேஜில் படுத்தார். அங்கே டாக்டரம்மாவிடம், "எனக்கு இது ரெண்டாவது அட்டாக்குங்க" என்று சொல்லிவைக்க, அந்தம்மா பழைய ஈ.சி.ஜி. எங்கே என்று என்னை வாட்டி எடுத்துவிட்டார். முதல் அட்டாக் சீரியலில் வந்தது என்பதை நான் எந்த முகத்தோடு சொல்வது?

தேறி வந்துவிட்டார். காலணா வராது என்று தெரிந்தும், இப்போது நாங்களாகவே சீரியலைப் போடுகிறோம். சுவரில் அவர் படம் வருகிற இடத்தை மட்டும் நான் விரலால் தள்ளிவிடுகிறேன்.

"அட, நம்ம சீனையே ஓட்டிட்டீங்களே தம்பி!" என்று கத்துகிறார்.

கத்தட்டும். அவர் கழுத்தில் மாலையை என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை.